குறில் போட்ட கூரைகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பருந்து என்று பெயர். பெயர் வைத்தவள் பக்கத்து நாற்காலிக்காரி. மேலேயிருந்து பார்த்தே பிழைப்பு நடத்துகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள் அவள். பருந்து கண்ணாடி போடாதே என்று யாரோ சந்தேகம் கிளப்பியதற்கு, "நாப்பதைத் தாண்டின பருந்து போடும்" என்று பதிலும் சொல்லிவிட்டாள். பருந்து கோபித்துக்கொள்ளவில்லை. வாய் ஓயாத அந்தப் பக்கத்து நாற்காலிக்காரிக்குப் பதிலுக்கு வானொலி என்று பெயர் வைத்தாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன.

மூன்றாம் மாடியில், ஜன்னல்களுக்குக் கனமான திரை போட்ட நீளமான அறை. வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றின் மீதும் இரண்டு கணினித் திரைகள். செயற்கைக்கோள் எடுத்த படங்கள் அவற்றில் வந்துகொண்டேயிருக்கும். கூரை, சாலை, பாலம், தண்ணீர்த் தொட்டி, நிற்கிற வண்டி என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டு, இது இன்னது என்று சொல்ல வேண்டும். அப்படிக் கட்டம் போட்ட படங்களை மலைமலையாகக் காட்டினால், அடுத்து வருகிற புதுப் படத்தில் எது கூரை, எது தரை என்று இயந்திரம் தானாகவே கண்டுபிடிக்கப் பழகிவிடும். "மத்தவங்க கீழ இருந்து நிலாவைக் காட்டிக் குழந்தைக்குப் பழக்குறாங்க. நாம நிலாவுல இருந்து வீட்டைக் காட்டிப் பழக்குறோம்" என்பாள் வானொலி.

இதற்கு முன்னால் பருந்து ஒரு ஸ்டுடியோவில் இருந்தாள். கல்யாணப் படங்களில் மணப்பெண்ணின் பருவையும் மாப்பிள்ளையின் கன்னத் தழும்பையும் அழிக்கிற வேலை. மாமியாரின் உத்தரவுப்படி மூக்கைச் சிறியதாக்கிய நாட்களும் உண்டு. கைபேசிகளே அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்ததும் ஸ்டுடியோ மூடப்பட்டது. அவள் அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அங்கே இருப்பதை இல்லாமல் ஆக்கினாள். இங்கே இருப்பதை இருக்கிறது என்று சொன்னால் போதும். வேலை சுத்தமாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. சேர்ந்த மூன்றாம் வருடம் சரிபார்ப்பவளாக ஆனாள். மற்றவர்கள் போட்ட கட்டங்களைப் பார்த்து, சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. சிவப்பு வாங்கினால் அன்றைய கணக்கில் அடி விழும் என்பதால் அவளுக்குக் கொஞ்சம் பயப்படவும் செய்தார்கள்.

கூரைகளைக் குறிக்கிற படங்களில் இரண்டு பொத்தான்கள்தான் உண்டு. ஒன்று 'வீடு'. மற்றது 'விடு'. சுவரில் மேலாளர் ஒட்டிவைத்த தாளில் விதி இருந்தது: "கட்டம் துல்லியமாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் விடு." தெளிவாகத் தெரிந்தால் வீடு. தெரியாவிட்டால் விடு, அதை அமுக்கினால் திரையில் இருக்கிற பூதக்கண்ணாடி அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். ஒரு சுழி அளவுதான் இரண்டுக்கும் வித்தியாசம் என்பதால், அறையில் எல்லோரும் அதை நெடில், குறில் என்றே சொன்னார்கள். "இது நெடிலா குறிலா?" என்று ஒருத்தர் கேட்க, இன்னொருத்தர் எட்டிப் பார்த்து, "குறில் போட்டுட்டு டீ குடிக்க வா" என்பது அந்த அறையின் அன்றாடப் பேச்சு.

நெருக்கமாக, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, தார்ப்பாயும் தகரமும் கலந்து கிடக்கிற கூரைகளுக்கு எப்போதும் குறில்தான். எங்கே ஒரு வீடு முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்ல முடியாது. போட்டால் பருந்திடம் சிவப்பு வாங்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பருந்தே சொல்லிக்கொடுத்திருந்தாள். "இதோட மல்லுக்கட்டாதீங்க. குறில் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க."

நகரத்துத் தீயணைப்புத் துறைக்காக ஒரு வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தது. எந்தச் சந்தில் எத்தனை கூரை, வண்டி எதுவரைக்கும் போகும், தண்ணீர்க் குழாய் எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவாகும். இயந்திரம் வரைந்த முதல் நகலைச் சில வண்டிகளில் சோதனைக்கு வைத்திருந்தார்கள். அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டுகிறவர் பருந்தின் கணவர்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"உங்க மிஷினுக்கு என் தங்கச்சி மேல என்ன கோபம்?"

"என்னங்க சொல்றீங்க?"

"கால்வாய்க்கு அந்தக் கரையில ஒரு வீட்டுல அடுப்பு கவுந்து தீ. போன் வந்துது, கிளம்பிட்டோம். வண்டியில இருக்கற திரையைப் பாத்தா அந்த இடம் பொட்டல். கட்டுப்பாட்டு அறையில இருந்து சொல்றாங்க, அங்க வீடே கிடையாது, இந்தக் கரையில தேடுங்கன்னு. என் தங்கச்சி அங்கதான்யா பஞ்சர் ஒட்டுறா, எனக்குத் தெரியாதான்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு ஓட்டினேன்."

"அப்புறம்?"

"நாங்க போறதுக்குள்ள மண்ணைக் கொட்டி அவங்களே அணைச்சுட்டாங்க. ஒரு கூரை போச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்லை."

"நல்லவேளை, வண்டியில நீங்க இருந்தீங்க."

"அதைத்தான் சொல்றேன். அடுத்த ஷிப்டுக்காரனுக்குத் தங்கச்சி அங்க இல்லையே."

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பருந்துக்குச் சிரிப்பு வரவில்லை. மாதக் கடைசியில் வரைபடத்தை ஒப்படைத்துவிட்டால், அதன் பிறகு எல்லா வண்டியிலும் எல்லா ஷிப்டிலும் அதுதான். குழாய் வைக்கிறவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். பொட்டலுக்கு யாரும் குழாய் வைக்க மாட்டார்கள்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாகக் கால்வாய்ப் படத்தைத் திறந்தாள். இந்தக் கரையில் ஒவ்வொரு மாடிக் கட்டிடத்தையும் சுற்றி இயந்திரம் மஞ்சள் கோடு போட்டிருந்தது. பிசிறு இல்லாத வேலை. அந்தக் கரையில் நீலமும் சாம்பலுமாக நெருக்கியடித்துக் கிடந்த கூரைகளின் மேல் ஒரு கோடுகூட இல்லை. இயந்திரத்துக்குப் பாடமாகக் கொடுத்த படங்களை எடுத்துப் பார்த்தாள். வேறு வேறு இடங்கள், ஆனால் இதே மாதிரிக் கூரைகள். எதிலும் கட்டம் இல்லை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பச்சை. அவள் போட்ட பச்சை.

அறையின் கோடியில், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவர் இயந்திரத்துக்குப் பாடம் புகட்டுகிற பொறியாளர். நாளுக்கு நான்கு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை என்பதால் சைலன்ஸர் என்று பெயர். வயதில் சின்னவர்.

"தம்பி, நாங்க விடுன்னு அமுக்கினா மிஷின் அதை என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதுக்கா. அப்படி ஒரு சமாசாரமே அதுக்குப் போய்ச் சேராது."

"அப்ப அந்த இடத்தை அது பாக்காதா?"

"பாக்கும். கட்டம் இல்லாத இடமெல்லாம் தரைன்னு எடுத்துக்கும்."

"நாங்க 'எங்களுக்குத் தெரியலை'ன்னு சொன்னோம் தம்பி."

"அதுக்கு 'அங்க எதுவும் இல்லை'ன்னு கேட்டிருக்கு." சைலன்ஸர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. "வீடுன்னு ஒண்ணு இருந்தா நீங்க எப்படியும் போட்டிருப்பீங்கன்னு நான் நினைச்சுட்டேன்."

"நாங்க விட்டுட்டா அதுவும் விட்டுடும்னு நாங்க நினைச்சுட்டோம்."

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் தூங்கவில்லை. நடுவில் ஒரு கரை முழுக்கக் காணாமல் போயிருந்தது.

மேலாளர் நிதானமான மனிதர். கோபம் வந்தால் பேனா மூடியைத் திருகுவார், அவ்வளவுதான். பருந்து சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டு மூடியைத் திருக ஆரம்பித்தார்.

"திருத்தணும் சார்."

"எதை?"

"எல்லாப் படத்தையும். எங்க குறில் போட்டோம்னு தடயமே இல்லை. முதல்ல இருந்து பாத்தாதான் உண்டு."

"போன வாரப் பரீட்சையில மிஷின் தொண்ணூறுக்கு மேல எடுத்திருக்கு. தொண்ணூறு எடுத்த பிள்ளையை மறுபடி ஒண்ணாம் வகுப்புல உக்காரச் சொல்றீங்க."

"கேள்வித்தாள் போட்டதே நாமதான் சார். நமக்கு விடை தெரியாத கேள்வியை எல்லாம் நாமளே அடிச்சுட்டோம். தொண்ணூறு வராம என்ன வரும்?"

மேலாளரின் விரல்கள் நின்றன. பிறகு மேசையில் முழங்கைகளை ஊன்றினார்.

"சரி, ஒண்ணு கேக்கறேன். அந்தக் கூரைகளைப் பிரிக்க முடியுமா? ஒரே படத்தை ரெண்டு பேருகிட்டக் குடுத்தா ஒரே மாதிரிக் கட்டம் வருமா? வராதுன்னுதானே அந்த விதியையே வெச்சேன். ஆளுக்கொரு மாதிரிப் போட்டா மிஷின் குழம்பி, இப்பத் தெரியறதும் தெரியாமப் போகும். திங்கக்கிழமைக்குள்ள ஒரு வழி சொல்லுங்க. ஆளுங்களைத் தர்றேன். வழி இல்லைன்னா பழைய வரைபடம்தான் போகும்."

"வழி கண்டுபிடிக்கறேன் சார்" என்றாள் பருந்து. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுருட்டிக்கொண்டு கால்வாயைக் கடந்தாள். நாத்தனாரின் பஞ்சர் கடை கரையின் முகப்பிலேயே இருந்தது. ஒரு சைக்கிள் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"வாங்கண்ணி. என் வீட்டை வானத்துல தொலைச்சுட்டீங்களாமே. அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான்."

"தேடத்தான் வந்திருக்கேன். இதுல உன் வீடு எது, காட்டு."

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதென்னண்ணி, ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருக்கு. இருங்க, இந்தக் கறுப்புப் பொட்டெல்லாம் என்ன?"

"அதான் எனக்கும் தெரியலை."

"டயரு. கூரை பறக்காம இருக்க மேல போட்டிருக்கறது. எல்லாம் என் கடையில கழிச்சுப் போட்டது. இந்தக் கரையில காத்துக்கு எவன் கூரையாவது நிக்குதுன்னா அது என் புண்ணியம்."

பருந்துக்குச் சிரிப்பு வந்தது. "முன்னாடி வேலையில கரும்புள்ளியை அழிச்சேன். இப்ப அதைத் தேடிக்கிட்டு வந்திருக்கேன் பாரு." பிறகு ஆவலோடு கேட்டாள். "அப்ப வீட்டுக்கு இத்தனை டயர்னு கணக்கு உண்டா?"

"அதெல்லாம் கிடையாது. ஒரே டயரு ரெண்டு கூரை மேலயும் கிடக்கும். டயருக்கு யாரும் சண்டை போடறதில்லை. சண்டை எல்லாம் தண்ணிக்குத்தான்."

"குடிக்கற தண்ணியா?"

"மழைத் தண்ணி. உன் கூரைத் தண்ணி என் வீட்டுல விழுந்தா விடுவேனா? அதான் நடுவுல கம்பு நட்டுப் பாயைத் தூக்கிக் கட்டிடுவோம். ரெண்டு பக்கமும் சரிவா இறங்கும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவுல ஒரு கையகலம் விட்டுடுவோம், தண்ணி ஓட. அந்தக் கையகலத்துல யாராவது செங்கல் வெச்சுப் பாக்கட்டும், அப்புறம் இருக்கு."

"எல்லா வீட்டுலயுமா?"

"பக்கத்து வீட்டோட விரோதம் இல்லாத வீடுன்னு ஒண்ணு இருந்தா அங்க மட்டும் இருக்காது" என்றாள் நாத்தனார். பிறகு பருந்தின் கையைப் பிடித்துக் கால்வாய்த் தடுப்புச் சுவரின் மேல் ஏற்றிவிட்டாள். "அங்க நின்னு பாருங்க. விழுந்துடாதீங்க, அண்ணனுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

அங்கிருந்து கூரைகள் கண் மட்டத்துக்குக் கீழே கிடந்தன. சாயங்கால வெயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. வெயில் பட்ட சரிவு பளிச்சென்று இருந்தது. அது முகட்டில் முடிந்ததும் மறுசரிவு மங்கலாக இறங்கியது. மங்கல் முடிகிற இடத்தில் கறுப்பாக ஒரு கோடு, நாத்தனார் சொன்ன கையகலம். அதைத் தாண்டினால் மறுபடி பளிச்சென்று அடுத்த சரிவு. பருந்து விரலை நீட்டி, வெயில் வருகிற திசையிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். வெளிச்சத்திலிருந்து மங்கலுக்குப் போனால் அது முகடு, அதே வீடுதான். மங்கலிலிருந்து வெளிச்சத்துக்குப் போனால் வீடு மாறுகிறது. இத்தனை நாளும் முகட்டையும் கையகலத்தையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டு, எந்தக் கோட்டில் வெட்டுவது என்று தெரியாமல் திணறியிருந்தார்கள்.

தாளை விரித்தாள். படம் காலையில் எடுத்தது, வெயில் எதிர்ப்பக்கம். தாளைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு முதல் வரிசையைப் பிரித்தாள். கீழே நாத்தனாரைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்கு மூணாவது வீடு, பெருசா ஒரே நீலப் பாய், நடுவுல கோடே இல்லையே?" என்று கேட்டாள்.

"அது அண்ணன் தம்பி வீடு. சண்டை வர்ற வரைக்கும் ஒரே பாய்தான்."

"வந்துட்டா?"

"அப்ப நீங்க வேற படம் எடுத்துக்குங்க."

திங்கட்கிழமை காலை பருந்து அந்த வழியை வானொலிக்குச் சொல்லிக்கொடுத்தாள். வானொலி அறையின் ஒரு கோடியிலும், அவள் மறு கோடியிலும் உட்கார்ந்து, மேலாளரின் கண் முன்னாலேயே ஒரே படத்தை இரண்டு பேரும் பிரித்தார்கள். வெயில் எந்தப் பக்கம் என்று சைலன்ஸர் ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது கட்டங்கள் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டன. ஒட்டாத இடங்களில் எதனால் ஒட்டவில்லை என்று சொல்ல முடிந்தது.

மேலாளர் பேனாவை மூடினார். "ஆளுங்களை எடுத்துக்குங்க. ஆனா பழசும் தயாரா இருக்கும். ஒப்படைக்கற அன்னிக்கு எது மேலோ அது போகும்."

ஆட்கள் துள்ளிக் குதிக்கவில்லை. "மொத்தப் படத்தையும் மறுபடியா?" என்றாள் வானொலி. "பருந்துக்கு ரெக்கை இருக்கு. எங்களுக்கு இடுப்பு வலி மட்டும்தான் இருக்கு."

"நெருக்கமான கூரை இருக்கற படம் மட்டும்தான். அதுல பாதி எனக்கு. குறில் போடுன்னு சொல்லிக்குடுத்தது நான்தானே."

"பாதியா? உனக்குக் கண்ணு இருக்குமா?"

"இன்னொரு கண்ணாடி மாத்திக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் வானொலி தன் பங்குக்கு மேல் இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அறையில் டீக்குக் கூப்பிடுகிற குரல்கள் குறைந்தன. வெளிச்சம், முகடு, மங்கல், கோடு என்று உதடு அசைய ஒவ்வொருவரும் கூரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பருந்துக்குத் தோள் இறுகிக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வீட்டில் கணவர் சமையலை எடுத்துக்கொண்டார். உப்பைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்பது நிபந்தனை. அவள் பேசவில்லை. தட்டைப் பார்த்தால்கூட எது முகடு, எது மங்கல் என்றுதான் கண் தேடியது.

திருத்திய படங்களை வைத்து இயந்திரத்துக்குப் பாடம் புகட்டி, கால்வாய்ப் படத்தைக் காட்டினார் சைலன்ஸர். அந்தப் படத்தை இயந்திரத்துக்கு அவர்கள் பாடமாகக் காட்டியதே இல்லை. பரீட்சைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கரையில் மஞ்சள் கோடுகள் வந்தன. வானொலி மேசையில் தட்டினாள். ஆனால் சைலன்ஸர் படத்தை நகர்த்தியதும் எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது. லாரி நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் மூடி நின்ற ஒவ்வொரு லாரியும் வீடாகியிருந்தது. சந்தையின் நிழல்பந்தல்கள் வீடாகியிருந்தன. துறைமுகக் கிடங்கின் வெளியே அடுக்கியிருந்த மூட்டைகளும் வீடுகள்.

"போச்சு. லாரிக்கெல்லாம் கதவு எண் குடுத்துருச்சு" என்றாள் வானொலி.

பருந்து நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு திரைக்கு அருகே உட்கார்ந்தாள். "தார்ப்பாய் இருந்தா வீடுன்னு புரிஞ்சுக்கிட்டிருக்கு. நாம காட்டின படத்துல லாரி எத்தனை?"

"கம்மிக்கா" என்றார் சைலன்ஸர். "நெருக்கமான கூரை இருக்கற படமா பொறுக்கிட்டோம்."

"அப்ப லாரி நிக்கற படத்தையும் குடுப்போம். நல்லாப் பாத்து, லாரிதான்னு தெரிஞ்சு, கட்டம் போடாம விடுவோம். இதுவரைக்கும் தெரியாம விட்டோம். இனிமே தெரிஞ்சு விடுவோம்."

"தெரியாதது வந்தா?" என்றார் சைலன்ஸர்.

அங்கேதான் எல்லோரும் நின்றார்கள். முகடும் தெரியாமல், கோடும் தெரியாமல், மரத்தின் நிழலுக்குள் பாதி மறைந்த கூரைகள் எத்தனையோ இருந்தன. வீடு என்றாலும் பொய், விடு என்றாலும் பொய்.

"மூணாவது பொத்தான் வேணும் தம்பி. தெரியாதுன்னு சொல்ல."

சைலன்ஸர் யோசித்தார். "தெரியாதுன்னு நீங்க காட்டற இடத்தைப் பாடத்துல இருந்தே மறைச்சுடலாம். அது வீடுன்னும் படிக்காது, தரைன்னும் படிக்காது."

மதியத்துக்குள் பொத்தான் வந்துவிட்டது. அதன் மேல் என்ன எழுதுவது என்று சைலன்ஸர் கேட்டபோது வானொலிதான் சொன்னாள். "நெடிலும் இல்லை, குறிலும் இல்லை. மூணு புள்ளி வெச்சு ஆய்தம் போடுங்க." அப்படியே போட்டார். ஃ என்று ஒரு சின்னப் பொத்தான். புதிதாக இன்னொரு ஏற்பாடும் செய்தார். இயந்திரம் புதுப் படத்தைப் பார்க்கும்போது, அரைகுறையாகத்தான் நம்புகிறது என்றால் அந்தக் கூரையை மஞ்சள் கோட்டுக்குப் பதில் புள்ளிக்கோட்டால் காட்டும்.

மறுபடி படங்கள், மறுபடி கழுத்துவலி. பரீட்சைப் படங்களையும் இதே முறையில் திருத்தினார்கள். மாதக் கடைசி நெருங்கியபோது மேலாளர் தானும் ஒரு மேசையில் உட்கார்ந்து கட்டம் போட்டார். பருந்து அவருக்கும் சிவப்பு போட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் திருத்தினார்.

ஒப்படைக்கிற நாளில் தீயணைப்பு நிலைய அதிகாரி வந்தார். பெரிய திரையில் பழைய வரைபடமும் புதிய வரைபடமும் அருகருகே. கீழே மதிப்பெண்கள்.

"என்ன இது, புதுசு எழுபத்தெட்டு, பழசு தொண்ணூத்தி ஒண்ணு? கம்மியா எடுத்ததை எதுக்குக் கொண்டுவந்தீங்க?"

மேலாளர் பருந்தைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் நேராகச் சொன்னாள்.

"ரெண்டும் வேற வேற பரீட்சை சார். பழசுக்குச் சுலபமான கேள்வித்தாள். நாங்கதான் தெரியாம அப்படிப் போட்டுட்டோம். பழசையும் புதுத் தாளுல எழுத வெச்சிருக்கோம்." சைலன்ஸரைப் பார்த்தாள். அவர் ஒரு பொத்தானை அமுக்கினார். பழையதன் மதிப்பெண் ஐம்பத்தைந்து என்று விழுந்தது.

அதிகாரி அருகே வந்து கால்வாய்க் கரையை உற்றுப் பார்த்தார். "இந்தப் புள்ளிக்கோடு?"

"மிஷினுக்கு உறுதியாத் தெரியாத இடம் சார்."

"தெரியலைன்னு அதுவே சொல்லுதா?"

"ஆமா சார்."

"என் ஆளுங்க சில பேருக்கும் அதைக் கத்துக்குடுங்க." சிரிக்காமல் சொன்னார். பிறகு, "மார்க்கைப் பாத்து நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. போன வாரம் மாத்தலாகி வந்த ஓட்டுநர் ஒருத்தர் இருக்கார். இந்த ஊர்ல ரயில் நிலையத்துக்கே வழி கேட்டுத்தான் போவார். அவரை அனுப்பறேன். உங்க வரைபடத்தை மட்டும் வெச்சுக்கிட்டுக் கரையோட கடைசி வரைக்கும் வண்டி போகணும். போயிட்டா இதுதான்."

அரை மணியில் ஓட்டுநரின் குரல் மேலாளரின் கைபேசி வழியாக அறைக்குள் வந்தது. அவருக்கு எதிரே திரையில் புதிய வரைபடம். இங்கே பெரிய திரையில் அதே வரைபடம், நகர்கிற ஒரு சிவப்புப் பொட்டோடு. வண்டி பாலத்தைக் கடந்தது. பஞ்சர் கடையைத் தாண்டியது.

"ரெண்டு பக்கமும் கூரை. திரையில காட்டற மாதிரியே இருக்கு. போறேன்."

பொட்டு சந்துக்குள் திரும்பியது. கொஞ்ச தூரம் போய் நின்றது.

"சார், இங்க ஒரு வீடு நிக்குது. திரையில இல்லை. வழியை அடைச்சுக்கிட்டு இருக்கு."

அதிகாரி பருந்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் கைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, அது முழுசா அடைச்சிருக்கா, முன்னாடி நீட்டின பந்தல் மட்டுமா?"

"இருங்க, இறங்கிப் பாக்கறேன்." கதவு திறக்கிற சத்தம். யாருடனோ பேச்சு. யாரோ எதையோ இழுக்கிற ஓசை. "பந்தல்தான். நேத்துதான் போட்டாங்களாம். கம்பை எடுத்துட்டாங்க. போகலாம்."

"அதுக்கு இடப்பக்கம் புள்ளிக்கோட்டுல ஒரு கூரை இருக்கும். அது இருக்கா?"

"இருக்கு. ஒரு அம்மா வாசல்ல நின்னு என்னை முறைக்குது."

பொட்டு மறுபடி நகர்ந்தது. சந்தின் கடைசியில், மதகுக்கு அருகே நின்றது. ஓட்டுநர் ஒலிப்பானை ஒரு தடவை அடித்தார். "கடைசி வந்துட்டேன். குழாய் வைக்க இடம் இருக்கு, வண்டியும் திரும்பும்."

அதிகாரி பேனாவைக் கேட்டார். மேலாளர் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். மேசையில் குனிந்து, புதிய வரைபடத்தின் அடியில் அதிகாரி கையெழுத்திட்டார். மதகுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, குழாய் என்று எழுதினார். வானொலி பருந்தின் தோளை இறுக்கிப் பிடித்தாள். அந்தத் தோள்தான் ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்தது.

பருந்து கைபேசியை விடவில்லை.

"அண்ணே, திரும்பி வரும்போது ரொம்ப மெதுவா வாங்க. நடந்து வந்தாலும் நல்லது. ஒவ்வொரு புள்ளிக்கோட்டுக் கூரையையும் பாத்துச் சொல்லுங்க. வீடா, கடையா, மாட்டுக்கொட்டகையா. திரையில இல்லாதது கண்ணுல பட்டாலும் சொல்லுங்க. நான் போட்டுக்கிட்டே வர்றேன்."

"எல்லாத்தையுமாம்மா? நிறைய இருக்கே."

"பரவாயில்லை" என்று அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். "மதகை ஒட்டி முதல் கூரை. சொல்லுங்க."

"வீடு. உள்ள ஆள் இருக்காங்க."

"அடுத்தது?"